வரலாறு மூன்றாம் ஆண்டு

கோபால்சாமி மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தபோது அண்ணன் துரைக்கண்ணு வந்து கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

“நீ போய் உக்காரு. பாடைய நாங்க கட்டிக்கிறோம்.”

கோபால்சாமிக்கு உட்காரத் தோன்றவில்லை. உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். சொல்வதற்கு அதிகமில்லை. நேற்றுக் காலையில் மனைவி ஈஸ்வரி வழக்கம்போல காலேஜுக்கு பஸ் ஏறினாள். மத்தியானம் வகுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். வாத்தியார் தன் காரிலேயே அவளை மலையிறக்கி ஆலங்காயத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வாசலில் கார் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. வேலூரில் நர்ஸாக இருக்கும் மகள் சரிதா விடிகாலையில் வந்து தாயின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஈஸ்வரி காலேஜில் சேர்ந்தபோது ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. மலைமேல் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் வரலாறு படிக்க ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் பேர் சேராவிட்டால் துறையையே மூடிவிடுவார்கள் என்று ரஞ்சித்குமார் வாத்தியார் ஊர் ஊராக அலைந்து, பன்னிரண்டாவது முடித்த பெண்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். துறைத் தலைவரும் அவர்தான். துறையில் இருந்த ஒரே வாத்தியாரும் அவர்தான். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள்.

“நானும் பன்னண்டு முடிச்சிருக்கேன் சார். நான் வந்தா சேத்துக்குவீங்களா?”

வாத்தியார் சிரிக்கவில்லை. கோபால்சாமியைப் பார்த்தார்.

“அவ இஷ்டம்,” என்றார் கோபால்சாமி. நாலு மழைக்கு நனைந்தால் தானாக நின்றுவிடுவாள் என்று அப்போது நினைத்தார். இது மூன்றாம் வருஷம்.

புளியமரத்தடியில் கல்லூரி வேன் வந்து நின்றது. ரஞ்சித்குமார் முதலில் இறங்கினார். அவர் பின்னால் நீலச் சீருடையில் பெண்கள் பைகளைத் தோளில் மாட்டியபடி இறங்கினார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஈஸ்வரியின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

“நாளைக்குப் பரீட்சைங்கண்ணா,” என்றார் ரஞ்சித்குமார். “ஹாஸ்டல்லயே இருந்து படிங்கன்னு சொன்னேன். கேக்கல. அதான் கூட்டிக்கினு வந்துட்டேன்.”

அவர்களில் உயரமாக இருந்த பெண் கோபால்சாமியிடம் வந்தாள்.

“மாமா, நான் நதியா. அக்கா சொல்லியிருப்பாங்க.”

அக்கா சொல்லவில்லை. வீட்டில் அவள் காலேஜைப் பற்றிப் பேசியதே குறைவு. கோபால்சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

“எங்க கிளாஸுக்கு அக்காதான் லீடர்.”

“லீடரா?”

“ஆமா மாமா. சாருக்கே அக்கான்னா கொஞ்சம் பயந்தான். நடுகல் பாக்கக் கூட்டிக்கினு போனப்ப, ‘மாட்ட மீட்டவன் கல்லுல நிக்கிறான், புலியக் குத்தினவன் நிக்கிறான், அவனுக்குச் சோறாக்கிப் போட்டவ எங்க சார்’னு கேட்டுட்டாங்க.”

“எனக்குப் பதில் தெரியலங்கண்ணா,” என்றார் ரஞ்சித்குமார் தரையைப் பார்த்தபடி. “அதையே எல்லாருக்கும் பிராஜெக்டா குடுத்துட்டேன்.”

நதியா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள்.

“போன வருஷம் எங்கப்பா எனக்குக் கல்யாணம் பேசிட்டு, காலேஜ நிறுத்திட்டாரு. அக்கா எங்க வூட்டுக்கு வந்தாங்க. பேச மாட்டேன்னு அவரு சாமைக் கொல்லைக்கு அறுப்புக்குப் போய்ட்டாரு. அக்காவும் பின்னாலயே போய், அவரு பக்கத்துல நின்னு சாமை அறுத்தாங்க. ஒண்ணுமே பேசல. பொழுது சாயிற வரைக்கும் அறுத்தாங்க. கடசில எங்கப்பாவே, ‘சரி, படிப்பு முடியட்டும்’னு சொல்லிட்டாரு.”

கோபால்சாமிக்கு அந்த நாள் நினைவிருந்தது. விரலில் அரிவாள் கீறலோடு இருட்டும் நேரத்தில் வந்தவளிடம், யார் கொல்லையில் அறுத்தாய் என்று கேட்டார். “தெரிஞ்சவங்க கொல்ல,” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

பாடை தயாரானது. ஈஸ்வரியைத் தூக்கி வைத்தார்கள். பெண்களின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. தப்பட்டை அடிக்கத் தொடங்கியதும் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். கோபால்சாமி முன்னால் நடந்து, வேலி தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். நீலச் சீருடைகள் பாடைக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தன.

துரைக்கண்ணு குறுக்கே போய் நின்றார்.

“எங்கம்மா வர்றீங்க? பொதைக்கிற எடத்துக்குப் பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்ல. இங்கயே நின்னுக்குங்க.”

“நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம் மாமா,” என்றாள் நதியா. “பின்னாலயே வர்றோம்.”

“சார், நீங்களாவது சொல்லுங்க.”

ரஞ்சித்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “உங்க ஊரு வழக்கம். நான் சொல்றதுக்கு இல்லைங்க. ஆனா வராதீங்கன்னு அவங்ககிட்ட என்னால சொல்ல முடியாது.”

தாயைத் தூக்கியதும் வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்த சரிதா எழுந்து வந்தாள். “அதுங்க வந்தா நானும் வர்றேன்ப்பா.”

“இன்னா கோபாலு இது?” என்றார் துரைக்கண்ணு. “ஊரு இன்னா பேசும்?”

தப்பட்டை நின்றுவிட்டது. தூக்கியவர்கள் தோளை மாற்றிக்கொள்ளாமல் நின்றார்கள். எல்லோரும் கோபால்சாமியைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பெண்களின் வெறுங்கால்களைப் பார்த்தார்.

“மேட்டுல முள்ளு கெடக்குது,” என்றார். “செருப்பப் போட்டுக்கினு வாங்க.”

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் வாசலுக்கு ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வரும்வரை பாடை நின்றது. பிறகு தப்பட்டை மறுபடியும் அடித்தது.

சாமை அறுத்த கொல்லைகளின் வழியாகப் போனார்கள். மேடு ஏறும்போது கோபால்சாமி ஒருதரம் திரும்பினார். கடைசியில், முக்காட்டை இழுத்துவிட்டபடி, துரைக்கண்ணுவின் மனைவி பச்சையம்மாவும் வந்துகொண்டிருந்தாள். துரைக்கண்ணுவும் பார்த்துவிட்டு நடந்தார்.

குழிக்குள் இறக்கியதும் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மூணு கை மண்ணு போடுங்க,” என்றார் துரைக்கண்ணு. “போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போங்க.”

கோபால்சாமி போட்டார். சரிதா போட்டாள். ரம்யா என்ற ஒல்லிப் பெண் போட்டுவிட்டுக் கையைச் சீருடையிலேயே துடைத்துக்கொண்டாள். நதியா மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். துரைக்கண்ணு கொஞ்சநேரம் பொறுத்தார்.

“போடும்மா,” என்றார் மெதுவாக. “நேரமாவுது.”

ஓடையில் ஆண்கள் கீழ்ப்பக்கமும் பெண்கள் மேல்பக்கமும் முழுகினார்கள். பெண்களிடம் மாற்றுத் துணி இல்லை. சீருடையோடு முழுகி எழுந்து, வெயில் படும் பாறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேன் இங்கேயே வந்துவிடும் என்று ரஞ்சித்குமார் சொன்னார். மணியைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இழுத்து வாட்சை மறைத்துக்கொண்டார்.

கோபால்சாமி வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். நதியா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, நனையாமல் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ரயத்துவாரி முறை யாரு கொண்டாந்தது?”

“மன்றோ,” என்றாள் ரம்யா.

“மொதல்ல எந்தப் பக்கம்?”

“பாராமகால்.”

“ஜமீன்தாரி முறையில விவசாயிக்கு இன்னா நட்டம்?”

“அது அக்கா சொல்ற கேள்வி,” என்றாள் ரம்யா. நதியா பக்கத்தைப் புரட்டி, பதிலை அவளே படித்தாள்.

“கோபாலு, வா,” என்று துரைக்கண்ணு வழியிலிருந்து கூப்பிட்டார். “வூட்ல வெளக்கேத்தணும்.”

“நீ போ. வர்றேன்.”

கோபால்சாமி கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஈரத்துண்டை முழங்காலில் விரித்துப் போட்டார். நதியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அடுத்த கேள்வியை, அவருக்கும் கேட்கிற மாதிரி, சற்று உரக்கப் படித்தாள்.