உளவாளிப் படமும் பின்பக்க இடது மூலையும்

உளவாளிப் படங்களைப் பற்றி அந்த சர்வேயருக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. இருந்தால் பரவாயில்லை, பல பேருக்கு இருக்கிறது. இவனுக்கு அவை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்தன, தும்மல் மாதிரி. ஒருமுறை விவரம் தெரியாமல் கூட்டிக்கொண்டு போன நண்பன் ஒருவன், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனவன், மீதிப் படத்தை வேறு வரிசையில் உட்கார்ந்து பார்த்தான்.

இவன் நிலம் அளக்கும் சர்வேயர் இல்லை. இடிபட்ட கார்களைப் பார்த்து, எங்கே இடித்தது, எப்படி இடித்தது, வண்டிக்காரர் சொல்வது நடக்கக்கூடிய காரியமா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்கிறவன். "நிறுத்தி வச்சிருந்த வண்டிய எவனோ இடிச்சுட்டான் சார்" என்று கண் கலங்குகிறவரின் பம்பரில் அவர் வீட்டு கேட்டின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் மீது இருந்த கோபம் தீர்ந்து, அவனுக்கு ஒருவிதப் பாசமே வந்துவிட்டது. பாசம் வராதது உளவாளிப் பட நாயகர்கள் மீது மட்டும்தான்.

"அடுத்தவன் கார எடுத்துட்டு ஓடுறான் இல்ல, என்னைக்காவது சீட்ட முன்ன பின்ன தள்ளிப் பாத்திருக்கானா? ஊர்ல இருக்கற எல்லாக் காரும் இவன் கால் நீளத்துக்கே காத்திட்டிருக்குமா?" என்பான். வில்லன் மீது அவனுக்குத் தனி மரியாதை. "அந்த ஆள் மலையக் குடைஞ்சு ஆபீஸ் போட்டிருக்கான். லிஃப்ட் வச்சிருக்கான். அத்தன பேருக்கும் ஒரே துணியில சட்ட தச்சுக் குடுத்திருக்கான். தரை பாரு, முகம் தெரியுது. யாரோ தினம் துடைக்கிறாங்க. இவன் ஒரு சாயங்காலம் கோட்டு போட்டுட்டு வந்து எல்லாத்தையும் கொளுத்திட்டுப் போறான். உழைப்பாளி யாருன்னு நீயே சொல்லு."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கிற ஒரே ஆள் அவன் காதலி. அதே கம்பெனியில் தொலைபேசிப் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க வண்டியை இடித்தவர்களின் கதைகளைக் கேட்டுக் காது பழுத்தவள் என்பதால், இவன் பேச்சு அவளுக்கு ஓய்வு மாதிரி இருந்தது. கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் அப்பா தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

சிக்கல் அங்கேதான். அந்த அப்பா ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடையில் மேனேஜர். ஆனால் அது ஊருக்கு. உள்ளுக்குள் அவர் உளவாளி. வீட்டுக்குள்ளேயே கருப்புக் கண்ணாடி போட்டிருப்பார். உணவகத்துக்குப் போனால் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்.

"எங்கப்பா உன்னக் கேள்வியெல்லாம் கேக்க மாட்டாரு" என்று அவள் சொல்லியிருந்தாள். "பக்கத்துல உக்கார வச்சு ஒரு படம் போடுவாரு. படம் பாக்கறதுலயே ஆள் தெரிஞ்சிடுமாம். போன தடவை ஒரு பேங்க் ஆபீசர் வந்தாரு. கார் துரத்தும்போது தூங்கிட்டாரு. அப்பா எழுப்பி அனுப்பிட்டாரு."

"நான் தூங்க மாட்டேன்."

"அதான்டா பயமே. தூங்கினாக் கூடப் பரவால்ல. நீ வாயத் திறந்தா நம்ம கல்யாணம் அவ்வளவுதான். ஒரே ஒரு படம். ரெண்டரை மணி நேரம். ஊமையா இருப்பியா?"

"இருப்பேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல வேணாம். உன் மேலயே பண்ணிக்க."

சனிக்கிழமை மத்தியானம் அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பா கீழ்த்தளப் பார்க்கிங்கிலேயே வந்து வரவேற்றார். பக்கத்தில் அவருடைய நீலக் கார். பின்பக்க இடது மூலை ஒடுங்கி, டெயில் லைட் மேல் டேப் ஒட்டியிருந்தது. சர்வேயரின் கண் தானாக அங்கே போயிற்று. இழுத்து வேறு பக்கம் வைத்தான்.

"மாடி வீட்டுப் பல் டாக்டர் வேலை தம்பி" என்றார் அப்பா. "நிறுத்தி வச்சிருந்த வண்டில கொண்டுவந்து இடிச்சிட்டு, சொல்லாம போயிட்டான். எங்க வீட்டுல அவன் சம்சாரத்தோட பேச்சுவார்த்தையே நிறுத்தியாச்சு."

பல் டாக்டரின் கார் எதிர்ப்பக்கம் நின்றது. வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல். சர்வேயர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே லிஃப்டில் ஏறினான்.

வீட்டில் ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. அம்மா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அவர் வேதியியல் டீச்சர். பரீட்சை ஹாலில் அவர் நுழைந்தால் பிட் வைத்திருப்பவன் பிட்டை விழுங்கிவிடுவான் என்று பெயர். அந்த வீட்டில் உளவு பார்க்கும் தகுதி உள்ள ஒரே ஆள் அவர்தான். அவருக்கோ அந்தப் படங்களில் அக்கறையில்லை. மூலையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

அப்பா வீட்டுச் சட்டத்தை அறிவித்தார். "சண்டை, துரத்தல் வரும்போது யாரும் பேசக் கூடாது தம்பி. அவங்க பேசறப்ப நாம பேசிக்கலாம். அதுல எப்பவும் ஒண்ணும் இருக்காது."

படம் தொடங்கியது. நாயகன் விருந்து ஒன்றில் ஒரு வாய் குடித்துவிட்டு முழுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனான். சர்வேயர் பிஸ்கட்டைக் கடித்தான். நாயகன் ஓட்டு வீடுகளின் கூரை மேல் ஓடினான், ஓடு ஒவ்வொன்றாக உடைந்து விழுந்தது. அடுத்த மழைக்கு அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. இன்னொரு பிஸ்கட். பிறகு கார் துரத்தல். நாயகனின் காரில் லாரி ஒன்று இடது கதவில் இடித்தது. நன்றாகவே இடித்தது. அடுத்த காட்சியில் ஒடுக்கு வலது கதவில் இருந்தது.

சர்வேயர் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒடுக்கு இடம் மாறியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் எந்தத் திருட்டு வண்டிக்காரரும் செய்யத் துணியாத காரியம். அவன் வாய் பாதி திறந்தது. காதலி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "உணர்ச்சிவசப்படறீங்க. நல்லது. அந்த பேங்க் ஆபீசர் இந்த இடத்துலதான் குறட்டை."

காதலியின் முகத்தில் விளக்கேற்றினாற்போல வெளிச்சம். இன்னும் ஒரு மணி நேரம் தாண்டினால் போதும்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. குறுகிய சந்து. எதிரே வேலி. நாயகன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். காரின் பின்பக்கம் கிறீச்சென்று சுழன்று, வந்த திசையையே பார்த்து நின்றது. நாயகன் கலைந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை. கலையவே இல்லை.

தன் சட்டத்தைத் தானே மீறி அப்பா எழுந்துவிட்டார். "பாத்தீங்களா! அரை வட்டம்! பாத்தா மேஜிக் மாதிரி இருக்கும். எல்லாம் கை நிதானம்தான். பழகினா யாரு வேணாலும் பண்ணலாம். என்ன சொல்றீங்க?"

"ஆமா அங்கிள்" என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் இரண்டு பிஸ்கட் தின்று பழகியிருந்தான். ஆனால் அவர் இவன் தொழிலைத் தொட்டுக் கேள்வி கேட்டுவிட்டார். தும்மல் வந்துவிட்டது.

"பண்ணலாம் அங்கிள். ஆனா பின்பக்கம் வெளிய வீசும், இவங்க அதக் கணக்குல எடுக்கறதே இல்ல. வலது பக்கம் ஒடிச்சு இழுத்தா, பின்னாடி இடது மூலை போய் எதுலயாவது அடிக்கும். பக்கத்துல ஒரு தூண் இருந்தா அப்படியே மூலை ஒடுங்கும், டெயில் லைட் போயிடும். கீழ உங்க வண்டில இருக்கே, அச்சு அசலா..."

அவன் நிறுத்திக்கொண்டான். நிறுத்திய இடம்தான் சரியில்லை.

மூலையில் சிவப்புப் பேனா நின்றது. அம்மா எழுந்து வந்து, ரிமோட்டை எடுத்து, படத்தை நிறுத்தினார்.

"அச்சு அசலா, என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்றவங்க என் முகத்தப் பாத்து சொல்லுவாங்க. நீங்க பிஸ்கட்டப் பாத்து சொல்றீங்க."

அப்பா கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏம்மா, வந்த பிள்ளைய எதுக்கு விசாரணை பண்ற? படத்தப் போடு."

"நீங்க சும்மா இருங்க. அந்த டாக்டர் பொண்டாட்டி நேத்து லிஃப்டுல என்னப் பாத்து சிரிச்சா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். திருப்பிக்கிட்டது சரியா தப்பான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வாங்க எல்லாரும் கீழ."

லிஃப்டில் நான்கு பேரும் இறங்கினார்கள். காதலி, உதடு அசையாமல், "பேங்க் ஆபீசரே தேவலாம்" என்றாள்.

கீழே வந்ததும் அப்பா அவனை மெல்ல ஒதுக்கிக்கொண்டு போனார். கடையில் வாடிக்கையாளரிடம் தள்ளுபடி பற்றிப் பேசுகிற குரல். "தம்பி, உங்களுக்குப் பொண்ணு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் அங்கிள்."

"அப்ப பல் டாக்டர்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு."

சர்வேயர் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்தான். ஒடுங்கிய மூலையில் மஞ்சள் பெயிண்ட் துகள். பக்கத்துத் தூண்களில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை. அருகில் இருந்த தூணுக்கு மட்டும் எதிரே, இலை அடர்ந்த பெரிய பூந்தொட்டி ஒன்று, பார்க்கிங்கில் யாரும் வளர்க்காத ஒன்று, நின்றது.

அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் தொட்டி."

"இருக்கலாம்" என்றார் அப்பா.

"என் பால்கனித் தொட்டி! காணோம் காணோம்னு தேடுறேன். அவதான் எடுத்துட்டுப் போயிருப்பான்னு அதுக்கும் சேத்து அவளத் திட்டிட்டிருக்கேன்!"

அம்மாவே தொட்டியை நகர்த்தினார். தூணில் நீலப் பெயிண்ட், நாக்கை நீட்டினாற்போல.

"வண்டிய நகர்த்துங்க" என்றார் அம்மா.

அப்பா காரை நகர்த்தினார். அவ்வளவு மெதுவாக யாரும் எந்தக் காரையும் ஓட்டியிருக்க மாட்டார்கள். நகர நகர, அடியில் தரையில் கன்னங்கரேலென்று ஒரு டயர்த் தடம் வளைந்து வளைந்து வெளிப்பட்டது.

"சொல்லுங்க தம்பி" என்றார் அம்மா. "இப்ப என் முகத்தப் பாத்து."

சர்வேயர் காதலியைப் பார்த்தான். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், கூரைக் குழாய்களில் தன் கல்யாணம் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி. பொய் சொல்லலாம் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். ஆனால் ஒடுக்குகளைப் பற்றிப் பொய் சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

"யாரும் வந்து இடிக்கல ஆன்ட்டி. இது சுத்தி வந்து தானா இடிச்ச அடி. ஓட்டினவரு அந்தப் பக்கத்துலேர்ந்து வேகமா வந்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டிய இந்த இடத்துல கொண்டு வந்து சேத்திருக்காரு. தூணத் தொட்டது கடைசியில."

அம்மா கணவரைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே தேர்வில் தோற்றிருக்கும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணம் கை நழுவிப் போவதை சர்வேயர் கண்ணாலேயே பார்த்தான். அவனுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் கண் மறுபடி தரைக்குப் போய்விட்டது. அவன் மண்டியிட்டு, தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் வளைத்துக்கொண்டு போனான்.

"ஆனா அங்கிள்..." என்றான், நிஜமான வியப்போடு. "நீங்க நிஜமாவே சுத்தியிருக்கீங்க."

அப்பா தலை நிமிர்ந்தது. "என்ன?"

"நிறையப் பேரு கால் வட்டத்துலயே பயந்து பிரேக்க விட்டுடுவாங்க. தடம் அங்கயே அறுந்துடும். உங்களது எங்கயும் அறுபடல. ஒரே இழுப்பு. முழு அரை வட்டம். இந்தத் தூண் மட்டும் ஒரு கை தள்ளி இருந்திருந்தா, படத்துல வந்தத விட சுத்தமா இருந்திருக்கும். அவங்க வெட்டி வெட்டி ஒட்டறாங்க. நீங்க வெட்டல."

அப்பா கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பாவம், அந்த மனிதர் தன் வாழ்நாளின் ஒரே சாகசத்தைச் செய்துவிட்டு, அதைப் பூந்தொட்டி வைத்து மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பார்த்த சாட்சி ஒருவருமில்லை. இப்போது ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது, அதுவும் இன்சூரன்ஸ் கம்பெனி நம்புகிற சாட்சி.

"நான்தான் பண்ணேன்!" என்றார். குரல் பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. "கேட்டியாம்மா? முழு அரை வட்டம்! ஒரே இழுப்பு!"

"கேட்டேன்" என்றார் அம்மா. "இதே குரல்ல மாடிக்குப் போயி அவங்ககிட்டயும் சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. நான் தனியா வந்து என் பங்குக்குக் கேட்டுக்கறேன்."

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் பொதுவாக லிஃப்டில் சீட்டியடிப்பதில்லை. அப்பா அடித்தார். சர்வேயரின் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போய், பல் டாக்டர் வீட்டு மணியை அழுத்தினார். பின்னால் படியேறி வந்த காதலி மூச்சு வாங்க நின்றாள்.

கதவு திறந்தது. பல் டாக்டர் லுங்கியில் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"டாக்டர், உங்க மேல தப்பு இல்ல. என் வண்டிய நானேதான் இடிச்சேன், என்ன மன்னிக்கணும்" என்று அப்பா ஒரே மூச்சில் கடமையை முடித்தார். பிறகு மார்பை நிமிர்த்தி, சர்வேயரை முன்னால் தள்ளினார். "இது எங்க வீட்டு மாப்பிள்ளை. இவரு சொல்றதத்தான் கம்பெனியே ஏத்துக்கும். சொல்லுங்க மாப்பிள்ளை, எப்படி இடிச்சேன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க."