முதல் தீர்மானமும் இரண்டாம் தீர்மானமும்

ஜாஸ்மினைச் சங்கத்தை விட்டு நீக்கும் கூட்டத்துக்கு, தீர்மானம் எழுதித் தரும் வேலையும் ஜாஸ்மின் தலையிலேயே விழுந்தது. கொழுப்பு என்றால் இதல்லவா கொழுப்பு!

தாம்பரத்தை அடுத்த ஏரிக்கரை வழக்கறிஞர் சங்கத்தில் பிழையில்லாமல் நாலு வரி எழுதக் கூடியவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு இரண்டு தீர்மானங்கள். ஆப்பிரிக்க நாடு ஒன்றில், அரசுக்கு ஆகாத ஒருவருக்காக வாதாடிய வக்கீலின் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்களாம். அதற்குக் கண்டனம் முதலாவது. ஜாஸ்மினை நீக்குவது இரண்டாவது.

அவள் செய்த குற்றம், ஆட்டோ ஓட்டும் குப்புராஜுக்கு வக்காலத்து போட்டது. வண்டி நிறுத்தும் தகராறில் அவர் சங்கச் செயலாளர் வேதசிரோமணியின் சட்டையைப் பிடித்துவிட்டார். வக்கீல் மேல் கை வைத்தவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். குப்புராஜ் பன்னிரண்டு நாளாக உள்ளே இருந்தார். அன்று மதியம் ஜாமீன் மனு. அதற்குள் அவள் விலகாவிட்டால் நீக்கம்; அப்புறம் எந்தக் கட்சிக்காரர் அவளைத் தேடி வருவார்? ஜாஸ்மினுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டே எழுதினாள்.

"ஒரு வக்கீல் யாருக்காக நிற்க வேண்டும் என்று அரசும் சொல்லக் கூடாது, வேறு எவரும் சொல்லக் கூடாது. நின்றதற்காக அவரைத் தண்டிப்பது அநியாயம்."

"எழுதினா இப்படி எழுதணும்!" என்று மேசையைத் தட்டினார் வேதசிரோமணி. சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்களும் கைதட்டிவிட்டு வரிசையாகப் போட்டார்கள்.

தலைவி டெபோரா அடுத்ததை வாசித்தார். "குப்புராஜுக்காக நின்றதற்காக ஜாஸ்மினை..." கண்ணாடியைக் கழற்றினார். "செக்ரட்டரி சார், இதையும் அதே பக்கத்துல கீழயே எழுதணுமா? இல்ல, பக்கத்தைத் திருப்பிக்கலாமா?"

"மேடம், அது ஆப்பிரிக்கா!"

"கையெழுத்து உங்களுதுதானே சார்?"

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் சபையே சிரித்தது. வேதசிரோமணியின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாம் தீர்மானம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஜாஸ்மின் கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் ஜாமீனில் வெளியே வந்த குப்புராஜ் அவள் எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அல்லாரும் வேணான்னு சொல்லிக்கீறாங்க. உன்க்கு இன்னா தலையெழுத்தா? நீ ஏம்மா வந்தே?"

"உங்க வூட்டுக்காரம்மா நாலு வக்கீல் ஆபீஸ் ஏறி இறங்கிட்டு, அஞ்சாவதா என்கிட்ட வந்து கேட்டாங்கண்ணா," என்றாள் ஜாஸ்மின். "கேட்டாங்க. வந்தேன்."