ஐந்தாவது ஃப்ளாப்பி

விஜயதசமியன்று தொடங்கினால் எதுவும் நன்றாக நடக்கும் என்பார் பரந்தாமன். அதனால்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அவருடைய கியர் கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டருக்கு அன்று புது டாஸ் ஏற்றச் சொன்னார். ஏற்ற வேண்டியவள் நாகம்மாள். ஆவடியில் அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கிருந்து விடுவித்ததற்கான கடிதம் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள்.

"இத்த முடிச்சுக் குடுத்துட்டு லெட்டர் வாங்கிக்கம்மா" என்றிருந்தார் பரந்தாமன்.

கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிப்பது டாஸைத்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அதுதான் சொல்லும். இங்கிருந்தது மிகப் பழையது. புதிதாக வாங்கிப் பொருத்திய ஹார்ட் டிஸ்கில் பாதி அதன் கண்ணுக்கே தெரியவில்லை. புதியது ஐந்து ஃப்ளாப்பிகளில் வந்திருந்தது. ஒவ்வொன்றாகப் போடப் போட, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியது உட்காரும். நடுவில் நின்றால் இரண்டுமே இருக்காது.

மூன்று முடிந்தது. நான்காவதை உறையிலிருந்து உருவினாள். அதில் சந்தனம், மேலே குங்குமம்.

"வேம்புலி!"

லேத் ஓட்டும் வேம்புலி வந்து நின்றான். "இன்னாக்கா?"

"நேத்து பூஜையில இதுக்குப் பொட்டு வெச்சது நீயா?"

"ஆயுத பூஜைன்னா அல்லாத்துக்கும் வெக்கணும்ல? இது ஒண்ணுதான் வெளிய கெடந்துச்சு. எழுத்து மேல வெச்சா மரியாத இல்லன்னு, காலியா கீற எடமாப் பாத்து வெச்சேன். அப்பால பத்திரமா உறையில போட்டேன்."

அந்தக் காலி இடம்தான் ஃப்ளாப்பியின் வாய். கறுப்பு அட்டைக்குள் மெல்லிய காந்தத் தகடு சுழலும். அந்தத் திறப்பு வழியாகத்தான் டிரைவின் முனை தகட்டைத் தொட்டுப் படிக்கும்.

முந்தானையால் துடைத்துவிட்டுப் போட்டாள். டிரைவ் கரகரத்தது. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்றது திரை. முயன்றாள். அதே கரகரப்பு. வாங்கிய கடைக்கு விடுமுறை. வாசலில் லாரி வேறு. கம்ப்யூட்டர் பில் அடிக்காமல் சரக்கு நகராது. இந்த நிலையில் கடிதம் என்று வாயைத் திறக்க முடியாது.

பிளேடால் அட்டையின் ஓரத்தைக் கிழித்தாள். தகட்டை விளிம்பில் பிடித்து, குழாயடியில் சோப்பு நுரையில் அலசினாள்.

"யக்கா, சட்டையாட்டம் தொவைக்கிற! உள்ள கீறது கரைஞ்சு பூடாதா?"

"எழுத்து காந்தமா இருக்கு, மையா இல்ல. தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஈரம் மட்டும் இருக்கக் கூடாது."

ஃபேனடியில் உலர்த்தி, வேலை முடிந்த முதல் ஃப்ளாப்பியின் அட்டையைப் பிரித்து, அதன் தகட்டை எடுத்துவிட்டு இதை நுழைத்தாள். டிரைவின் முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டாள். கரகரப்பு இல்லை. எண்கள் ஏறின.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பரந்தாமன் கைதட்டினார். "கெட்டிக்காரிம்மா! உன்ன அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? பொங்கல் வரிக்கும் இரு. லெட்டர் அப்பால பாத்துக்கலாம்."

ஐந்தாவதைப் போடு என்று திரை கேட்டது. அது அவள் கையில்தான் இருந்தது. போடும்வரை கம்ப்யூட்டர் முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"போடும்மா."

"போடுறேன் சார். லெட்டர் டைப் பண்ணி உங்க மேஜை மேலதான் வெச்சிருக்கேன்."

"இதானா அதுக்கு நேரம்?"

நாகம்மாள் ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஹாரன்.

"மொதலாளி, லாரிக்காரன் திட்டிக்கினு கீறான்" என்றான் வேம்புலி.

பரந்தாமன் சட்டைப் பையைத் தடவினார். "யார்கிட்டய்யா பேனா கீது?"