போனவளின் பெயர்

அந்த அலுவலகத்தில் சர்வர் கணினிகளைக் கவனிப்பது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் வேறு வேறு ஊர்களில், போனுக்குள் வெறும் குரலாக இருந்தார்கள். காலையில் கதவைத் திறந்தால் மாலையில் பூட்டும்வரை அவளுக்குப் பேச்சுத் துணை ஏசியின் இரைச்சல்தான்.

வருகிற வேலைகளைச் சர்வர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் லோட் பேலன்சரில் ஒரு கோளாறு. மூன்றாம் எண் சர்வர் பழுதாகிக் கழற்றப்பட்டு, புதியது வந்து, அதற்கும் மூன்று என்றே பெயர் வைத்திருந்தார்கள். லோட் பேலன்சருக்குப் பெயர்தான் தெரியும். ஆள் மாறியது தெரியாது. பழையது அடிக்கடி படுத்துக்கொண்ட குற்றத்தையெல்லாம் புதியதன் தலையில் கட்டி, பதினெட்டு நாளாக அதற்கு ஒரு வேலைகூட அனுப்பவில்லை. நல்ல மெஷின், விளக்கெரிந்தபடி சும்மா நின்றது.

"இனிமே குழப்பம் வராம, பேர் வைக்க ஒரு விதி எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர்.

எழுதினாள். முதலில் வேலை, அடுத்து இடம், பிறகு எண். கடைசி வரி: கழற்றிய சர்வரின் பெயரை மறுபடி எதற்கும் வைக்கக் கூடாது.

மேலாளர் போனில் சிரித்தார். "இப்படியே போனா நம்பர் ஆயிரத்தைத் தாண்டிடுமேம்மா. காலியான நம்பர்தானே, வெச்சா என்ன?"

"தாண்டட்டும் சார். புதுசா வர்றது எதுக்குப் பழசோட பழியைச் சுமக்கணும்?"

மேலாளர் மேற்கொண்டு வாதாடாமல், "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று முடித்துக்கொண்டார். புதிய மெஷினுக்கு, அதுவரை எதற்கும் வைக்காத பன்னிரண்டு என்று எண்ணை மாற்றினாள். அடுத்த நிமிடமே அதற்கு வேலை வர ஆரம்பித்தது.

காரணத்தை அவள் சொல்லவில்லை. அவளுடைய அக்கா நாலு வயதில் நெஞ்சுச் சளி கட்டி, காய்ச்சலில் போய்விட்டாள். மறு வருஷம் பிறந்த இவளுக்கு அதே பெயரை வைத்தார்கள். மழையில் நனையாதே, உனக்கு நெஞ்சுச் சளி என்று விளையாட விடவே இல்லை. அவளுக்கு ஒரு நாளும் நெஞ்சுச் சளி வந்ததில்லை. மற்ற பிள்ளைகள் ஆடுவதை ஜன்னல் வழியே பார்த்துத்தான் வளர்ந்தாள்.

அன்று மதியம் அம்மா வழக்கம்போல் கூப்பிட்டாள். "ஏசிக்கு நேரா உக்காராதடி. அந்தக் காய்ச்சல்ல நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

முப்பது வருஷமாகச் 'சரிம்மா' சொல்லியே பழகிய வாய், அன்று எப்படியோ தவறிவிட்டது. "அம்மா, அது நான் இல்ல. அக்கா."



"தெரியும்டி" என்றாள் அம்மா. "அவ பால் டம்ளரைக் கண்டாலே ஓடிடுவா. நீ, பால் அடுப்புல காயறதுக்குள்ள அழுது ஊரைக் கூட்டுவ. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா?"

"இன்னும் சொல்லும்மா."

"இன்னொரு நாள்" என்று வைத்துவிட்டாள்.

அக்கா போன கதையைத் தவிர, அவளைப் பற்றி இவள் முதன்முதலாகக் கேட்ட விஷயம் அது. எழுந்து அறையை இரண்டு சுற்று நடந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.