பதினெட்டாம் நம்பர் ஊசி

என் தையல் மெஷினில் யாரும் கை வைக்கக் கூடாது. மருதமுனையில் எங்கள் வளவுக்குள் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், என் புருஷன் மர்சூக்கைத் தவிர.

தங்கை ஸில்மியாவுக்கு மறுநாள் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த சிபோன் முக்காட்டுக்கு ஓரம் அடிப்பதுதான் பாக்கி. தொட்டாலே வழுக்கி ஓடுகிற துணி. அதற்கென்று ஒன்பதாம் நம்பர் ஊசியும் மெல்லிய நூலும் முந்தின நாளே மெஷினில் போட்டு வைத்துவிட்டேன். காலையில் பார்த்தேன், நூல் நான் கோத்தபடியே இருந்தது. நம்பி உட்கார்ந்து மிதித்தேன். ஒரு சாண் போவதற்குள் ஓரம் சுருங்கி, துணியில் வரிசையாக ஓட்டை விழுந்தது.

கழற்றிப் பார்த்தால் பதினெட்டாம் நம்பர் ஊசி, ரெக்சினுக்குப் போடுகிற தடித்த ஊசி. இதே போல இன்னொரு முக்காட்டுக்கு எங்கே போவேன்? மாப்பிள்ளையுடன் பிறந்த ராத்தாவோ எந்தத் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள். நிக்காஹ் முடியும் முன்பே அவர்கள் முன்னால் என் தங்கை தலை குனிய வேண்டுமா?

மர்சூக் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நீட்டினேன். நேற்று நான் கடைக்குப் போன நேரம் பார்த்து ஆட்டோ சீற்றைத் தைத்தாராம். என் ஊசி முறிந்துபோனதாம். அதனால் பெட்டியில் கிடந்த பெரிய ஊசியைப் போட்டாராம்.

"ஆட்டோ சீற்றுக்கும் கலியாண முக்காட்டுக்கும் ஒங்களுக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று தொடங்கி, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டேன். மனிசன் கல்முனைக்கு ஓடி, ஒன்பதாம் நம்பர் ஊசி வாங்கித் தந்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

நல்லகாலம், ஓட்டைகள் விளிம்போடு இருந்தன. தையலைப் பிரித்து, ஓரத்தை இன்னொரு சுற்று உள்ளே மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். மற்ற மூன்று பக்கமும் அதே அகலம். ஸில்மியா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவள் சிரித்த பிறகுதான் எனக்குப் பசியே தெரிந்தது.

பின்னேரம் அவளுக்கு வளையல் வாங்க ஆட்டோவில் ஏறினேன். நான் எப்போதும் உட்காரும் ஓரத்தில் ரெக்சின் கிழிந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பெருநாளைக்குத் தைத்த என் அபாயா அதில் மாட்டிக் கிழிந்த அன்று நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அந்தக் கம்பியை உள்ளே தள்ளி, மேலே ஒரு துண்டு வைத்துக் கோணல்மாணலாகத் தைத்திருந்தார். அதுவும் என் சிபோன் நூலால். நான் உட்கார்ந்ததுமே டர்ரென்று தையல் விட்டது.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், அடுத்த ஏச்சுக்குத் தயாராக இருந்தார்.

"நாளைக்கி நீ பட்டுச் சாரி உடுப்பாய்தானே புள்ள. அதும் கிழிஞ்சிரும் எண்டுதான் தைச்சன்."

இந்த மனிசனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்.

"வண்டியத் திருப்புங்க," என்றேன். "வளையல் பொறகு வாங்கலாம். ஊசி சரிதான், நூல்தான் பிழை. சீற்றக் கழட்டித் தாங்க, நைலோன் நூல் போட்டு நான் தைச்சித் தாறன்."