ஒரு செங்கல் வழி

"வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு: வரும் திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, மாண்புமிகு தலைவர் அவர்களின் இல்லப் பின்முற்றம் என்றென்றைக்கும் பசுமையாகும். அனைவரும் வருக."

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் பலகையில் இதை ஒட்டியவர் தலைவர். எழுதியவரும் அவரே. 'மாண்புமிகு' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தார். அடக்கமெல்லாம் இல்லை, எழுத்துப்பிழை.

நாற்பத்திரண்டு வீடுகளுக்கு அவர் தலைவர். மனைவிக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. சக்கர நாற்காலி வாங்கினார்கள். வீட்டுக்குள் அது நன்றாக ஓடியது. பின்வாசலைத் தாண்டினால் களிமண். மழையில் சக்கரத்தைக் கவ்வும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துச் சக்கரத்தை விழுங்கும். அந்த அம்மாளுக்கோ உலகத்தில் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: முற்றத்தின் கடைசியில் இருக்கும் இடுப்பளவு சுவர். இருபது அடி தூரம்.

சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் தம்பி வீடு. ஓரகத்திகள் அடித்துக்கொள்வதும் அண்ணன் தம்பி விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் உலக வழக்கம். இங்கே தலைகீழ். ஓரகத்திகள் இருவரும் இருபத்தேழு வருடம் தினமும் மாலையில் அந்தச் சுவரோரம் நின்று, தத்தம் கணவர்களை வறுத்தெடுத்துவிட்டுத்தான் விளக்குப் போடப் போவார்கள். அண்ணன் தம்பி பேசி ஆறு வருடம் ஆகிறது. சொத்துத் தகராறு என்றாலாவது சொல்லிக்கொள்ள மரியாதையாக இருக்கும். சங்கத் தேர்தலில் தம்பி எதிரணிக்குக் கை தூக்கிவிட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தம்பி வீட்டார் இந்த வாசலை மிதிக்கத் தடை. தடை போட்ட அவசரத்தில் சுவரை மறந்துவிட்டார்.

புல் போட வந்தவர் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தி, வந்த மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பானை செய்ய அருமையான மண், தண்ணீர் மட்டும் இறங்காது என்றார். நாலு அங்குலம் வெட்டி, துளைக் குழாய் பதித்து, ஜல்லி கொட்டி, மேலே கல்தூள் இடித்து இறுக்கி, அதன்மேல் செயற்கைப் புல்பாய் விரிக்க வேண்டும். எல்லாம் நடக்கிற காரியம். குழாய் எங்கே போய் முடிவது என்பதுதான் கேள்வி. தெருப்பக்கம் முடியாது, தெரு முற்றத்தைவிட ஒன்றரை அடி உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மூன்று முறை புதுச் சாலை போட வைத்து, மூன்று முறையும் ரிப்பன் வெட்டியவர் சாட்சாத் நம் தலைவர். மீதமிருந்தது பின்சுவர். அதற்கு அப்பால் கை நீட்டும் தூரத்தில் தம்பி வீட்டு வாய்க்கால்.

"சார், ஒரே ஒரு செங்கலை எடுத்துட்டா போதும். தண்ணி தன்னால போயிடும்."

"அவன்கிட்ட நான் போய்க் கேக்கறதா?"

"கேக்கலேன்னா இது புல்தரை இல்ல சார். பச்சைப் பாய் விரிச்ச தொட்டி."

"நீங்க பாயை விரிங்க. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

"சரியாத்தான் சொல்றீங்க," என்றார் புல்காரர். "பாத்துக்கிட்டேதான் இருக்கணும்."

ஜன்னலுக்கு உள்ளிருந்து அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, ஒரு செங்கல்தானே?" என்றார். அது செங்கல் அல்ல, மானம் என்று தலைவர் விளக்கினார். குழாய் அப்பழுக்கில்லாத சரிவில் இருபது அடி ஓடி, சுவரில் முட்டி நின்றது. அதன் வாயை ஒரு மூடியால் அடைத்தார்கள்.

திங்கட்கிழமை ரிப்பன் வெட்டப்பட்டது. வந்திருந்த ஏழு பேரும் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்து, நிஜம் மாதிரியே இருக்கிறது என்றார்கள். அன்று மாலை தலைவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார். பகை நாட்டைப் பார்க்கக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு வருடப் பாக்கி அத்தனையும் பேசித் தீர்க்கப்பட்டது. அவர் தலை வழுக்கையானது உட்பட.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாவது நாள் ஓரகத்தி, "அக்கா, இவரு கடப்பாரைய எடுத்து வச்சிருக்காரு. அண்ணன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா இப்பவே இடிக்கறேங்கறாரு," என்றாள். திரும்பி நின்றவரின் காதில் அது விழாமல் இல்லை. அவனே வந்து சொல்லட்டும் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். வானம் பன்னிரண்டாம் நாள் பதில் சொன்னது.

மூன்று நாள் மழை. நான்காம் நாள் வெயில். பளிச்சென்ற புல்லில் ஈரமே இல்லை. அம்மாள் காலையிலேயே தலை வாரிக்கொண்டு காத்திருந்தார். பாதி முற்றம் தாண்டியதும் பாய் பொதபொதவென்று அமுங்கி, இடது சக்கரம் இறங்கியது. பின்னால் இழுத்திருக்கலாம். ஆனால் பின்வாங்கும் பழக்கம் தலைவருக்கு இல்லை. ஓங்கித் தள்ளினார்.

நாற்காலி கவிழ்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா, அக்கா" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு குரலும் வரவில்லை. ஓரகத்தி தடையை மிதித்துக்கொண்டு தெரு சுற்றி வாசல் வழியாக ஓடி வந்துவிட்டாள். அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி உட்கார வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புல்காரர் வந்து பாயின் ஓரத்தைத் தூக்கி ஒரு கம்பியை வைத்தார். அழுத்தாமலேயே அது இறங்கிப் போயிற்று. "இப்பக்கூட ஒரு செங்கல்தான் சார்," என்றார். யாருக்காக என்று தலைவர் கேட்டார். புல்காரர் கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓரகத்தி இப்போது தினமும் மாலையில் வந்து கட்டிலருகே உட்காருகிறாள். தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாளும் அதிகம் பேசுவதில்லை. தம்பி தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிடுகிறார். தலைவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பாயோரம் கசிந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சக்கர நாற்காலியில் துணி காய்கிறது.