சிவப்புக் கை

தென்கொரியாவின் இக்சான் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சமையலறையில் மா ஒக்புன் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் ஆயிரத்து இருநூறு தட்டு. பொரிக்கிற நாட்களில் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும். மீன் நாட்களில் எத்தனை முறை குளித்தாலும் நாற்றம் போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் அவள் கைபேசியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டாவது வயதில் அதைச் சொந்தமாகவே புத்தகமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். தலைப்பு ‘ஆயிரத்து இருநூறு தட்டு’.

அட்டை செய்ய யுன்ஹோவிடம் போனாள். சந்தைக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் கடைப் பலகையும் வடிவமைத்துக் கொடுக்கிறவன். நாற்பதை நெருங்கியவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவன் காட்டிய மூன்று அட்டைகளில் மூன்றாவதை ஒக்புன் கிட்டே இழுத்துப் பார்த்தாள். மூடி திறந்த ஒரு பெரிய கொப்பரை, அதிலிருந்து எழும்புகிற ஆவி. ஆவியை ஒரே தூரிகை இழுப்பில் போட்டிருந்தார்கள். பார்த்தால் முகத்தில் சூடு படுகிற மாதிரி இருந்தது.

“இதுதான்” என்றாள்.

“எழுத்தாளரம்மாவுக்கு ரசனை இருக்கு” என்றான் யுன்ஹோ.

அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது அட்டைப் படத்தை இணையத்தில் போட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள், பழைய மாணவர்கள், மாணவர்களின் அம்மாக்கள் என்று வாழ்த்து குவிந்தது. மறுநாள் மதியம் தட்டுகளைக் கழுவி முடித்துக் கைபேசியைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் ஒரு வரி மட்டும் தனியாகத் தெரிந்தது. ‘இது நான் வரைந்த படம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?’

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் யுன்ஹோவின் கடைக்கு நடந்தாள்.

“இலவசம்னு போட்டிருந்துச்சு அக்கா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஒரு தளம். நான் திருடல.” அவன் முகம் வெளுத்திருந்தது.

“அங்க போட்டது யாரு? வரைஞ்சவங்களா?”

அவன் தேடினான். போட்டவரின் பெயர் வெறும் எண்களாக இருந்தது. அதே பெயரில் வேறு வேறு கைகள் வரைந்த நானூறு படங்கள். யாரோ ஊரெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறார்கள்.

“அடுத்தவன் வீட்டு அரிசியை எடுத்து வாசல்ல வச்சு, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு” என்றாள் ஒக்புன்.

“ஆவியை நீலமாக்கிடலாம். பானையைத் திருப்பி வச்சிடலாம். அடையாளமே தெரியாது.”

“திருப்பி வச்சாலும் அவங்க பானைதானே தம்பி?”

அன்றைக்கே அட்டையை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வைத்தாள். அச்சகத்துக்கும் சொல்லி நிறுத்தினாள். அவளுக்கே ஒரு வலி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், பொரிக்கிற நாளைப் பற்றி அவள் எழுதிய ஒரு பக்கம் சமையல்காரர்களின் கைபேசிக் குழுக்களில் பெயரில்லாமல் சுற்றியது. ஒரு கூட்டத்தில் அதை மேடையில் வாசித்து, ‘யாரோ ஒரு சகோதரி எழுதியது’ என்றார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒக்புனும் சேர்ந்து கைதட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபிறகு சோறு இறங்கவில்லை.

வரைந்தவள் தெற்கே கடலோரத்து யோசு நகரில் இருந்தாள். பெயர் ஹேரன். மன்னிப்புக் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது முறை எழுதியபோது கடை முகவரி மட்டும் வந்தது. சனிக்கிழமை ஒக்புன் ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினாள்.

அது ஒரு சலவைக்கடை. ஹேரன் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

“வக்கீலைக் கூட்டிட்டு வருவீங்கன்னு நினைச்சேன்.”

“வக்கீலா? எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் சமையல்காரங்க.”

ஹேரனின் உதடு லேசாக அசைந்தது. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். “ஒரு சூப் கடைப் பலகையில பார்த்தேன். ஏப்ரன்ல பார்த்தேன். தேயிலை டப்பாவுல ஒருத்தன் போட்டிருந்தான், தேயிலைக்கும் கொப்பரைக்கும் என்ன சம்பந்தமோ. எல்லாருக்கும் எழுதினேன். ஒருத்தர் படத்தை எடுத்தார். ஒருத்தர் ‘உன் படமாயிருந்தா நிரூபி’ன்னார். நேர்ல யாரும் வரல.”

“நான் கேக்காம எடுத்தது தப்பு. இப்ப கேக்கலாமா?”

ஹேரன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கேக்கலாம்” என்றாள் ஹேரன். “ஆனா நான் தரமாட்டேன் அக்கா. கோவத்துல சொல்லல. நான் தூரிகை பிடிச்ச முதல் வருஷத்துல, பதினேழு தடவை கெடுத்துட்டு வரைஞ்சது அது. ஊர் பூரா சுத்திடுச்சு. வர்ற இலையுதிர் காலத்துல நூலகத்துல என் படங்களை வைக்கச் சொல்லிருக்காங்க. அங்க அது என் பேரோட மட்டும் இருக்கணும்.”

வரும் வழியெல்லாம் ஒக்புன் சம்மதம் கிடைத்துவிடும் என்றே நம்பியிருந்தாள். ஆனாலும் தலையசைத்தபோது உள்ளே ஏதோ இலகுவானது. அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொல்லாததை இந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

“சரிதான். உங்களோடது. நீங்க வச்சுக்கங்க.”

அப்போதுதான் ஹேரன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு பேரிக்காயைச் சீவினாள். மதியச் சோறும் அங்கேயே ஆனது. கடுகுக்கீரையை மிளகாய் விழுதில் ஊறப்போட்ட கிம்ச்சி உறைப்பாக இருந்தது. ஒக்புன் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். புறப்படும்போது புத்தகம் வந்தால் ஒன்று அனுப்பச் சொன்னாள் ஹேரன். காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றும் சொன்னாள்.

வாரம் ஓடியது. யுன்ஹோ வெறும் எழுத்தை மட்டும் வைத்து நாலு அட்டை செய்தான். நாலும் வரி அலுவலகத்துப் படிவம் மாதிரி இருந்தன.

புதன்கிழமை கிம்ச்சி போடுகிற நாள். ரப்பர் கையுறை மாட்டி, பெரிய தொட்டியில் முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது பூசிக்கொண்டிருந்தாள். காற்றில் அன்றைய உணவுப் பட்டியல் பறந்து தொட்டிப் பக்கம் போனது. எட்டி அமுக்கினாள். கையை எடுத்தபோது காகிதத்தில் ஒரு முழு உள்ளங்கை. கையுறையின் சொரசொரப்புப் புள்ளிகள், கட்டைவிரல் மடிப்பு எல்லாம் சிவப்பாக விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை காகிதத்தில் இந்தக் கை விழுந்திருக்கும், அத்தனையையும் கசக்கிப் போட்டிருக்கிறாள். இன்றைக்குக் கசக்கவில்லை.

அடுப்பு அணைந்ததும் வெள்ளைத் தாள்களை வரிசையாக வைத்து, விழுது படிந்த கையுறைக் கையை அழுத்த ஆரம்பித்தாள்.

“என்ன, போலீஸ்ல ரேகை குடுக்கிறியா?” என்றாள் கூட வேலை பார்க்கிறவள்.

“ஆமா. குத்தத்தை ஒத்துக்கறேன்.”

ஒன்பதாவது தாள் சரியாக வந்தது. அதைத் தனியே உலர வைத்துவிட்டுக் கையுறையைக் கழுவினாள். உலர்ந்த தாளை மறுநாள் யுன்ஹோவின் மேசையில் வைத்தாள். அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது யாரோடது?” என்று கேட்டான். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறான்.

“என் கை, என் தாள், என் மிளகாய்.”

அவன் வேறொன்றும் சேர்க்கவில்லை. வெள்ளையில் சிவப்புக் கை, அதன் கீழே தலைப்பு. தலைப்பின் எழுத்துருவைப் புத்தகத்தில் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று உரிமப் பக்கத்தை வரிவிடாமல் படித்து, அச்செடுத்துக் கோப்பில் வைத்தான். பிறகு இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினான். கை ஒக்புனுடையது, வடிவமைப்பு அவனுடையது, அட்டைக்கு மட்டும் பயன்படுத்தலாம், இரண்டு பெயரும் உள்ளே இருக்க வேண்டும்.

“நமக்குள்ள எதுக்குப்பா இதெல்லாம்?”

“நமக்குள்ளதான் அக்கா முதல்ல வேணும்.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். ஓரிடத்தில் தன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்ததைத் திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

வசந்த விடுமுறைக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதி யோசுவுக்குப் போனது. நாலு நாளில் ஹேரனிடமிருந்து செய்தி வந்தது. மீன் நாளைப் பற்றிய பக்கத்தைக் கடையிலேயே படித்தாளாம், ஒரு சட்டை கருகிப்போனதாம்.

பள்ளித் தலைமையாசிரியர் சமையலறைக்கே வந்தார். வழக்கமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்.

“உங்க அட்டையில இருக்கிற கையை நம்ம பள்ளி மலர்ல போட்டுக்கலாமா?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கையுறை பள்ளிக்கூடத்துச் சொத்துதானே?”

“கையுறை உங்களோடது சார். கை என்னோடது” என்றாள் ஒக்புன். “தாராளமா போடுங்க. வடிவமைச்சவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கீழ பேரைப் போடணும். மா ஒக்புன், சமையலறை.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு தரையைக் கழுவப் போனாள்.